பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

(நெருளில் நடைபெற்ற உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில், சங்கச் செயற்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஞாயிற்றுக்கிழமை என்பது நம்மில் பலருக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள். துணி துவைக்க, ரேஷன் வாங்க, ஊருக்குப் போன் பேச, பெற்ற பிள்ளையின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க இருக்கிற ஒரே நாள். அந்த நாளில் துர்பேயிலிருந்தும் ஜூயிநகரிலிருந்தும் சிர்வணேயிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். செம்பூர்த் தோழர்கள் ஹார்பர் வண்டியிலும், தாராவித் தோழர்கள் குர்லாவில் வண்டி மாறியும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஆகவே அலங்காரம் பேசி உங்கள் நேரத்தை வீணாக்க நாம் விரும்பவில்லை. நேராகச் செய்திக்கு வருகிறோம்.

இன்று எடுத்துக்கொண்ட பொருள் மருத்துவச் செலவு. அந்தச் செலவை யார் கொடுப்பது? எந்தப் பையிலிருந்து கொடுப்பது? இன்று எல்லா ஆஸ்பத்திரிக் கவுண்ட்டரிலும் உட்கார்ந்திருக்கிற கணிப்பொறி நமக்கு நண்பனா, பகைவனா? இவைதான் கேள்விகள்.

ஏன் இந்தப் பொருள்? நம் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கை எடுத்துப் பார்த்தோம். விழாச் செலவுக்கு ஒரு பக்கம். இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்பிய செலவுக்கு ஒரு பக்கம். இவை இரண்டையும் விட நீளமாகப் போகிற பக்கம் எது தெரியுமா? மருத்துவ உதவி என்று தலைப்பிட்ட பக்கம்தான். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்று செய்தி வரும். நாம் துண்டை ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போவோம். ஐம்பது, நூறு என்று போடுவீர்கள். இல்லாதவரும் போடுவார். அதை எண்ணிக்கொண்டு போய்க் கொடுத்தால் ஒரு நாள் படுக்கை வாடகைக்குக்கூடக் காணாது. மறுமாதம் இன்னொரு குடும்பம். மறுபடியும் துண்டு. இப்படி எத்தனை நாளைக்கு?

சென்ற ஆண்டு நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும் நம் அண்ணாச்சி ஒருவருக்கு இரவு இரண்டு மணிக்கு நெஞ்சுவலி. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பக்கத்திலிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். முன்பணம் கேட்டார்கள். மகன் ஊரில் எடுத்த காப்பீட்டு அட்டையை நீட்டினான். கவுண்ட்டரில் இருந்தவர் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது இங்கே வராது" என்றார். இந்த மாநில ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. பதினெட்டு ஆண்டு இந்த மண்ணில் மூட்டை தூக்கியவர்; ஆனால் இந்த மாநிலத்தின் எந்த ஏட்டிலும் அவர் பெயர் ஏறவில்லை. மைனியின் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிற்று. மீதிக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி. அண்ணாச்சி பிழைத்துக்கொண்டார். ஆனால் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்த அவர் மகள் இன்று ஒரு கம்பெனியில் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியைக் குற்றம் சொல்லலாம். அரசாங்கத்தைக் குற்றம் சொல்லலாம். சொல்லத்தான் போகிறோம். ஆனால் அதற்கு முன்னால் நம்முடைய குற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த அண்ணாச்சி ரேஷன் கார்டுக்கான மனுவை எழுதி, நகல்களையும் சேர்த்து, நம் சங்கத்தில்தான் கொடுத்திருந்தார். எட்டு மாதம் அது நம் அலமாரியில் கிடந்தது. அந்த எட்டு மாதத்தில் நாம் பொங்கல் விழா நடத்தினோம், பட்டிமன்றம் நடத்தினோம், ஊர்த் தலைவர்களுக்கு மாலை போட்டோம். மனுவை மட்டும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. செயற்குழு இந்தத் தவற்றை உங்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்கிறது. அந்தக் கடனை அடைக்கும் வேலையைத்தான் இன்று தொடங்குகிறோம்.

தோழர்களே, நம் தந்தைமார் தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் வந்து இறங்கிய காலத்தில், நோய் என்றால் சயான் ஆஸ்பத்திரி என்று ஒரே பதில்தான் இருந்தது. லோகமான்ய திலகர் பெயரைத் தாங்கிய அந்த மாநகராட்சி மருத்துவமனையில் கேஸ் பேப்பர் எடுத்து வரிசையில் நின்றால் வைத்தியம் நடந்தது. இன்றும் அங்கே நம் மக்கள் கூட்டம் குறையவில்லை. பிறகு 1970-ல் சிட்கோ நிறுவப்பட்டது. கடலுக்கு இக்கரையில் புதிய நகரம் எழுந்தது. கட்டடம் கட்டவும், தானா–பேலாப்பூர் தொழிற்பேட்டையில் இயந்திரம் ஓட்டவும், வாஷி மார்க்கெட்டில் சுமை தூக்கவும் நாம் இங்கே வந்தோம். 1992-ல் இந்த நகரத்துக்கென்று மாநகராட்சி செயல்படத் தொடங்கியது. இன்று வாஷியிலும் நெருளிலும் ஐரோலியிலும் மாநகராட்சி மருத்துவமனைகள் உள்ளன. ஆனால் மருத்துவர் இருந்தால் மருந்து இருப்பதில்லை. மருந்து இருந்தால் ஸ்கேன் எடுக்க வெளியே எழுதிக் கொடுக்கிறார்கள். இலவச ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வீட்டிலும் கடன் ஏறுவது இப்படித்தான்.

இந்தச் செலவுக்கான பணம் மூன்று பைகளிலிருந்து வரலாம். ஒன்று, நம் சட்டைப் பை. இரண்டு, முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து போடும் பை. மூன்று, அரசாங்கத்தின் வரிப் பை. இந்தியாவில் நீண்ட காலமாக முதல் பைதான் ஓட்டையாகிக்கொண்டிருந்தது. மைய அரசின் தேசிய சுகாதாரக் கணக்குப்படி, 2013-14-ல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் நூற்றுக்கு 64 பங்கு மக்கள் தம் கையிலிருந்து கொடுத்தது. 2021-22-ல் அது 39 பங்காகக் குறைந்திருக்கிறது. குறைந்தது நல்லதுதான். ஆனால் நூற்றில் முப்பத்தொன்பது என்பது, கூலி வாங்கும் குடும்பத்தின் சங்கிலியை அடகுக் கடைக்கு அனுப்பப் போதுமானது. அரசுகள் எல்லாம் சேர்ந்து மருத்துவத்துக்குச் செலவிடும் தொகையை நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்காக 2025-க்குள் உயர்த்துவோம் என்று 2017-ல் தேசிய சுகாதாரக் கொள்கை வாக்குக் கொடுத்தது. 2021-22-ல் அது இரண்டு பங்கைக்கூட எட்டவில்லை. கொடுத்த வாக்குக்கும் கொடுத்த பணத்துக்கும் நடுவில் விழுந்த பள்ளத்தில்தான் நாம் நிற்கிறோம்.

இனி இரண்டாவது பையைப் பார்ப்போம். அதன் பெயர் ஈ.எஸ்.ஐ. 1948-ல் சட்டமாகி, 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கப்பட்ட திட்டம் இது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர் இதில் சேர வேண்டியவர். 2019 ஜூலை முதல் உள்ள விகிதப்படி, தொழிலாளி நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளி மூன்றேகால் ரூபாயும் கட்ட வேண்டும். 15,000 ரூபாய் சம்பளம் என்றால் நம் பங்கு 112 ரூபாய் 50 காசு. முதலாளியின் பங்கு 487 ரூபாய் 50 காசு. இந்த அறுநூறு ரூபாய்க்கு நமக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் வைத்தியம். நோயில் கிடக்கும் நாட்களுக்கு உதவித் தொகை. பெண் தொழிலாளிக்குப் பேறுகாலச் சம்பளம். இது பிச்சையல்ல, நாம் கட்டிய பணத்தின் உரிமை.

ஆனால் நம்மில் எத்தனை பேர் பெயர் அந்த ஏட்டில் இருக்கிறது? கம்பெனி ஒன்று, கான்ட்ராக்டர் வேறு, அவருக்குக் கீழே ஒரு சப் கான்ட்ராக்டர், அவருக்கும் கீழே ஒரு முக்காதம். பிடித்தம் மட்டும் ஒழுங்காக நடக்கும். கட்டினார்களா என்று யாருக்கும் தெரியாது. இங்கேதான் கணிப்பொறி நமக்கு உதவுகிறது. முன்பு இதைத் தெரிந்துகொள்ள ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். இன்று உங்கள் காப்பீட்டு எண் தெரிந்தால், எந்த மாதத்துக்குப் பணம் ஏறியிருக்கிறது என்பதைக் கைபேசியிலேயே பார்த்துவிடலாம். ஆகவே இந்த வாரமே ஊதியச் சீட்டைக் கேளுங்கள். அதில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லையென்றால் நம்மிடம் வாருங்கள். தனியாக ஒருவன் கேட்டால் மறுநாள் வேலை போகும். நாற்பது பேர் சேர்ந்து கேட்டால் பதில் வரும்.

ஏட்டில் பெயர் ஏறுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு நம் கண்முன்னே ஒரு சான்று உண்டு. 1969-ல் மராட்டிய மாநிலம் மாத்தாடித் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. சுமை தூக்குகிறவரை யார் வேலைக்கு அழைத்தாலும், கூலியோடு ஒரு பங்கைச் சேர்த்து வாரியத்தில் கட்ட வேண்டும் என்று விதித்தது. ஒரே மார்க்கெட்டில், ஒரே கனமுள்ள மூட்டையைத் தூக்கும் இருவரில், வாரியத்தில் பதிவானவருக்கு வைப்பு நிதி உண்டு, மருத்துவ உதவி உண்டு. பதிவாகாதவருக்கு முதுகுவலி மட்டும் உண்டு. அந்தச் சட்டம் தானாக வந்துவிடவில்லை. சங்கம் வைத்துப் போராடித்தான் வந்தது.

மூன்றாவது பை, அரசாங்கக் காப்பீடு. இதன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 2007-ல் ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ வந்தது. 2008-ல் மைய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. 30 ரூபாய் பதிவுக் கட்டணம். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை வைத்தியம். அதில் நம்மைப் போன்றோருக்கு ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. அட்டையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஊரில் உள்ள குடும்பத்திடமும் மற்றொன்றை வெளியூரில் வேலை செய்பவரிடமும் வைத்துக்கொள்ளலாம். பிழைக்கப் போனவன் என்றொருவன் இருக்கிறான் என்பதை அந்தத் திட்டம் நினைவில் வைத்திருந்தது. 2009-ல் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அதே 2012-ல் மராட்டியத்தில் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கிய திட்டம், 2017-ல் மகாத்மா ஜோதிபா புலே பெயருக்கு மாறியது. 2018 செப்டம்பரில் மைய அரசின் ஆயுஷ்மான் பாரத் வந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி இதுதான். முன்பு மராட்டியத் திட்டம் மஞ்சள் அட்டைக்கும் ஆரஞ்சு அட்டைக்கும் மட்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். 2023-ல் அரசு எடுத்த முடிவுப்படி, இந்த மாநிலத்து ரேஷன் கார்டு எந்த நிறத்தில் இருந்தாலும், அல்லது இருப்பிடச் சான்று இருந்தாலும், அந்தக் குடும்பம் திட்டத்துக்குள் வரலாம். ஒன்றரை லட்சமாக இருந்த வரம்பு 5 லட்சமாக உயர்ந்தது. 2024 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. அதாவது, அண்ணாச்சியின் மனு நம் அலமாரியில் தூங்காமல் அட்டையாக மாறியிருந்தால், திட்டத்தில் சேர்ந்த ஓர் ஆஸ்பத்திரியில் அந்த வைத்தியம் காசில்லாமல் நடந்திருக்க வழி இருந்தது. இதை நினைக்கும்போது நமக்கு நெஞ்சு சுடுகிறது.

"ஊர் அட்டை இங்கே செல்லுமா?" என்று பல தாய்மார்கள் கேட்கிறீர்கள். தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பத்தின் பெயர் மைய அரசின் ஆயுஷ்மான் பட்டியலில் இருந்தால், அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி எந்த மாநிலத்தில் இருந்தாலும் செல்லும். தமிழ்நாட்டு அரசின் பட்டியலில் மட்டும் இருந்தால், இங்கே செல்லும் என்று நம்பி இருந்துவிட முடியாது. அட்டையைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தோன்றும். கணிப்பொறிக்கு இரண்டும் வேறு வேறு. ஆகவே நோய் வருவதற்கு முன்பே 14555 என்ற எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மராட்டியத் திட்டத்துக்கு 155388. மேலும், எழுபது வயது நிறைந்தவர் யாராயினும், வருமானம் பாராமல் ஆயுஷ்மான் திட்டத்தில் சேரலாம் என்று 2024 அக்டோபரில் விரிவாக்கியிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்து நம்மோடேயே தங்கிவிட்ட அம்மா அப்பாவின் ஆதாரை முதலில் எடுத்துப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஊரில் ஒரு ரேஷன் கார்டு, இங்கே ஒரு ரேஷன் கார்டு என்று இரண்டு வைத்துக்கொள்ளக் கூடாது. அது குற்றம். ஒரே நாடு ஒரே ரேஷன் ஏற்பாட்டில் ஊர் அட்டையைக் கொண்டே இங்கு தானியம் வாங்கலாம் என்பது உண்மை. ஆனால் தானியம் தரும் அட்டை வைத்தியமும் தரும் என்று எண்ணிவிடாதீர்கள். குடும்பம் முழுவதும் இங்கேயே குடியேறிவிட்டது என்றால், ஊரில் பெயரை நீக்கி, நீக்கல் சான்று வாங்கி, இங்கே சேருங்கள். மனைவி மக்கள் ஊரில் இருக்கிறார்கள், நீங்கள் மட்டும் இங்கே என்றால், ஊர் அட்டையை விடாதீர்கள். எது நல்லது என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். முடிவு செய்யாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

இனி, கணிப்பொறி. சில தோழர்கள் இதை ஒரு மாயக்கண்ணாடி போல நினைக்கிறார்கள். சிலர் பூதமாக நினைக்கிறார்கள். இரண்டும் தவறு. அது ஒரு கணக்குப்பிள்ளை. எழுதிக் கொடுத்ததைத்தான் படிக்கும். எழுதினவன் யார், எதற்காக எழுதினான் என்பதுதான் கேள்வி.

நல்லதற்கு எழுதினால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை ஏற்படுத்தினார்கள். அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்தை மாநிலம் முழுவதற்கும் சேர்த்து மொத்தமாக வாங்குவது, தரம் சோதிப்பது, மாவட்டக் கிடங்குகளில் வைப்பது, எந்தக் கிடங்கில் எது தீரப் போகிறது என்பதைக் கணிப்பொறியில் கண்காணிப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புத்தகம்; அதற்கு ஒதுக்கிய தொகைக்குள் வேண்டிய மருந்தை எடுத்துக்கொள்ளலாம். மொத்தமாக வாங்கியதால் விலை இறங்கியது. இந்த முறையைப் பிற மாநிலங்களும் பின்பற்றின. 2011-ல் ராஜஸ்தான் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியதும் இப்படிப்பட்ட ஒரு கழகத்தை நம்பித்தான். 2021 ஆகஸ்ட்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இங்கெல்லாம் கணிப்பொறி மாத்திரையை எண்ணியது. ஏழையின் செலவு குறைந்தது.

கவனக்குறைவாக எழுதினால் என்ன நடக்கும்? 2023 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையைப் பாருங்கள். ஆயுஷ்மான் பதிவுகளில் ஏறக்குறைய ஏழரை லட்சம் பேர் ஒரே கைபேசி எண்ணோடு இணைக்கப்பட்டிருந்தார்கள் என்று அது சொன்னது. உண்மையான உழைப்பாளியின் கைரேகை சரியில்லை என்று திருப்பி அனுப்புகிற அதே உலகத்தில், ஏழரை லட்சம் பேர் ஒரே எண்ணில் வரிசையாக உள்ளே போயிருக்கிறார்கள்!

கைரேகை என்றோம். சிமெண்ட் குழைத்த கை. சோப்புத் தண்ணீரில் ஊறிய கை. தோல் பதனிட்ட கை. அந்த விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? உழைப்பு ஒருவனின் ரேகையை அழிக்கிறது. ரேகை இல்லை என்று காரணம் காட்டி அவன் உரிமையை மறுக்கிறார்கள். இதைவிடக் கொடுமை உண்டா? பெயர்ச் சிக்கல் இன்னொன்று. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துதான். இங்கே உள்ள படிவமோ தன் பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கேட்கும். ஆதாரில் 'சு. முருகன்'; ரேஷன் கார்டில் 'முருகன் சுடலைமுத்து'; கம்பெனியில் 'முருகன் நாடார்' அல்லது 'முருகன் மதராசி'! மூவரும் ஒருவரே என்று நமக்குத் தெரியும். கணிப்பொறிக்குத் தெரியாது. எழுத்துப் பிழையைத் திருத்த ஆரோக்கியமான நாளில் அரைநாள் கூலி போகும். நெஞ்சுவலி வந்த இரவில் திருத்தப் போனால் உயிர் போகும்.

2021-ல் தடுப்பூசிக்குப் பட்ட பாடு நினைவிருக்கிறதா? மே மாதம் 18 வயதுக்கு மேற்பட்டோருக்குத் திறந்தபோது, இணையத்தில் முன்பதிவு செய்தால்தான் ஊசி என்றார்கள். படிவம் ஆங்கிலத்தில். விரைவாகத் தட்டத் தெரிந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கைபேசி இல்லாதவர், எழுதத் தெரியாதவர் கதி என்ன என்று உச்ச நீதிமன்றமே மைய அரசைக் கேட்டது. பிறகுதான் நேரில் வந்து பதியும் வழியும், தமிழ் உள்ளிட்ட மொழிகளும் வந்தன. கேட்டதால் வந்தது. இதை மறக்கக் கூடாது.

கணிப்பொறியை மட்டும் நம்பி இருந்துவிடவும் முடியாது. 2022 நவம்பர் 23-ஆம் நாள் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகளைத் திருடர்கள் முடக்கினார்கள். சுமார் இரண்டு வாரம் கையால் சீட்டு எழுதி வேலை நடந்தது. பிரிட்டனில் 2002-ல் நாடு முழுவதற்கும் ஒரே மருத்துவக் கணிப்பொறி ஏற்பாடு என்று தொடங்கி, நூற்றுக்கணக்கான கோடி பவுன்களைக் கொட்டி, 2011-ல் அதைக் கலைத்தார்கள். பணக்கார நாட்டுக்கே இந்த நிலை. எனவே கணிப்பொறி வேலை செய்யாத நாளில் நோயாளி திரும்பிப் போகாதபடி, காகிதத்திலும் ஒரு வழி திறந்திருக்க வேண்டும்.

இப்போது நம் பேட்டைகளில் நடக்கிற ஓர் ஏமாற்று. 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்ட ஆபா என்ற 14 இலக்க எண் இருக்கிறது. உங்கள் மருத்துவக் குறிப்புகளை ஒன்றாகக் கோப்பதற்கு அது ஓர் அடையாள எண், அவ்வளவுதான். அதில் ஒரு பைசாக் காப்பீடு கிடையாது. விருப்பம் இருந்தால் எடுக்கலாம்; எடுக்கப் பணம் வேண்டாம். ஆனால் சில தரகர்கள் அந்த அட்டையை அச்சடித்துக் கொடுத்து, "இதுதான் ஐந்து லட்சம் அட்டை" என்று சொல்லி இருநூறு முந்நூறு வாங்குகிறார்கள். ஏமாறாதீர்கள். ஆயுஷ்மான் அட்டை வேறு, ஆபா எண் வேறு. அது போலவே, யார் கேட்டாலும் விரலை வைக்காதீர்கள். கைபேசியில் வரும் ரகசிய எண்ணைச் சொல்லாதீர்கள். ஒருவருக்குக் காசநோய் என்பது அவரும் மருத்துவரும் அறிய வேண்டிய செய்தி. மேஸ்திரிக்கு அது எதற்கு? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த உரிமை மாளிகையில் இருப்பவனுக்கு மட்டுமல்ல, சாலில் இருப்பவனுக்கும் உண்டு.

காப்பீடு இல்லாதவருக்கும் ஒரு கதவு இருக்கிறது; அதைப் பலர் அறிவதில்லை. இந்த மாநிலத்தில் டிரஸ்ட் நடத்தும் பெரிய ஆஸ்பத்திரிகள், 1950-ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் கீழும், 2006-ல் மும்பை உயர்நீதிமன்றம் ஏற்ற திட்டத்தின் கீழும், நூற்றுக்குப் பத்துப் படுக்கையை வறியவர்க்கு இலவசமாகவும், பத்துப் படுக்கையைக் குறைந்த வருமானம் உள்ளோர்க்குச் சலுகையிலும் ஒதுக்க வேண்டும். அதற்காகப் பில் தொகையில் நூற்றுக்கு இரண்டு ரூபாயை ஏழை நோயாளி நிதியில் போட வேண்டும். அவசர நோயாளியை முன்பணம் கேட்டு நிறுத்தக் கூடாது. ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகையில் டிரஸ்ட் என்று இருந்தால், தாசில்தாரின் வருமானச் சான்றோடு போய், சமூகப் பணியாளரைக் கேளுங்கள். படுக்கை இல்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். சாரிட்டி கமிஷனர் அலுவலகத்துக்கு நம் சங்கம் எழுதும். பில் பாக்கிக்காக இறந்தவர் உடலைத் தடுத்து வைக்கக் கூடாது என்று 2021-ல் இந்த மாநில அரசு வகுத்த விதிகளே சொல்கின்றன.

இத்தனையும் சொன்ன பிறகு ஓர் உண்மையைச் சொல்லாமல் விட்டால் அது பாதிப் பேச்சாகிவிடும். காப்பீடு, படுக்கையில் விழுந்தவனுக்குத்தான். நடந்து போய் மாத்திரை வாங்கும் சர்க்கரை நோயாளிக்கு அதில் பங்கு மிகக் குறைவு. மாதந்தோறும் மருந்துக் கடையில் கரையும் பணம் எந்த அட்டையிலும் வராது. ஆகவே அட்டை கொடுத்தோம், கடமை முடிந்தது என்று அரசாங்கம் கையைக் கழுவ நாம் விடக் கூடாது. வரிப் பணம் காப்பீட்டு வழியே தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிற வேகத்தில், நெருள் மாநகராட்சி மருத்துவமனைக்கு மருந்தாகவும் மருத்துவராகவும் வந்து சேர வேண்டும். நாமும் வரி கொடுக்கிறோம். தீப்பெட்டி வாங்கினாலும் வரி கொடுக்கிறோம்.

எனவே இந்தக் கூட்டத்தின் முன் சில கோரிக்கைகளை வைக்கிறோம். மாநகராட்சி மருத்துவமனைகளில் அன்றாட நோய்களுக்கான மருந்து தட்டுப்பாடின்றி இலவசமாகக் கிடைக்க வேண்டும். இருப்பில் என்ன உண்டு என்பதை வாசலில் எழுதி வைக்க வேண்டும். கைரேகை விழவில்லை என்று ஒரு நோயாளியையும் திருப்பக் கூடாது. தமிழ்நாட்டு அரசின் காப்பீட்டு அட்டை, வெளி மாநிலத்தில் உழைக்கும் தமிழர்க்கும் செல்லுபடியாக வேண்டும். இரண்டு அரசுகளும் பேசித் தீர்க்க முடியாத காரியமல்ல இது. கான்ட்ராக்டர் ஈ.எஸ்.ஐ. கட்டவில்லை என்றால் பெரிய கம்பெனியே பொறுப்பேற்க வேண்டும். திட்ட விவரங்கள் மராத்தியோடு இந்தியிலும் தமிழிலும் கிடைக்க வேண்டும். இந்தக் கோரிக்கைகளை நம் மராத்தித் தோழர்களோடும், பீகார், உத்தரப் பிரதேசத் தோழர்களோடும் சேர்ந்துதான் வைப்போம். நோய்க்கு மொழி கிடையாது.

நம் கடமையும் உண்டு. வரும் ஞாயிறு முதல், காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, சங்க அலுவலகத்தில் ஒரு மேசை போடுகிறோம். கணிப்பொறி பழகிய நம் பிள்ளைகள் அங்கே உட்காருவார்கள். ஆதார், ரேஷன் கார்டு, ஊர்க் காப்பீட்டு அட்டை, ஊதியச் சீட்டு நான்கையும் கொண்டு வாருங்கள். பெயர் நான்கிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்போம். இல்லாதவர்க்கு மனு எழுதுவோம். எழுதிய மனுவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம். வாங்கிய தேதி, கொண்டுபோய்க் கொடுத்த தேதி இரண்டும் அதில் ஏறும். மாதக் கூட்டத்தில் அதை உங்கள் முன் வாசிப்போம். ஒரு மனு அலமாரியில் ஒரு வாரத்துக்கு மேல் கிடந்தால் எழுந்து கேளுங்கள். அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

அண்ணாச்சியின் மகள் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறாள். அந்த மேசையில் உட்காரும் பிள்ளைகளில் முதலில் பெயர் கொடுத்தவள் அவள்தான். அவளை மறுபடியும் கல்லூரிக்கு அனுப்பும் செலவை இந்த ஆண்டு விழாச் செலவிலிருந்து எடுத்துக் கொடுப்பதென்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. பந்தல் சிறியதாக இருக்கும். மன்னிக்கவும்.

வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து காகிதங்களை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.